கேபிளுக்கும் வைஃபைக்கும் நடுவே காணாமல் போகும் படம்

வீட்டில் படங்கள் ஒரு கம்ப்யூட்டரிலோ நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. அது லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைந்திருக்கிறது. டிவியும் போனும் வைஃபையில். மூன்றிலும் இன்டர்நெட் குறையில்லாமல் வருகிறது. ஆனால் டிவியின் பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் இல்லை. இது ஒரு வகைத் தொல்லை. பெயர் தெரிகிறது, படமும் தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது என்பது இன்னொரு வகை.

இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவதில், கருவிகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டிருக்கிறது. இரண்டாவதில் வழி திறந்துதான் இருக்கிறது, அகலம் போதவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் புது ரவுட்டர் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. பெயர் தெரியாத தொல்லைக்கு எவ்வளவு வேகமான ரவுட்டரும் மருந்தாகாது.

நேராக முகவரிக்கே போய்ப் பாருங்கள்

சர்வர், அதாவது படங்களை மற்றக் கருவிகளுக்கு எடுத்துத் தரும் மென்பொருள், ஓடும் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் வையுங்கள். பிறகு போனின் பிரவுசரில் அந்த முகவரியைப் போர்ட் எண்ணோடு, அதாவது அந்த மென்பொருளின் கதவு எண்ணோடு, அடியுங்கள். சர்வர் மென்பொருள் ஜெல்லிஃபின் என்றால் 8096, பிளெக்ஸ் என்றால் 32400, மினிடிஎல்என்ஏ என்றால் 8200. அதாவது 192.168.1.10:8096 என்பதுபோல. முன்னால் ஹெச்டிடிபி என்று இருக்கட்டும். பிரவுசர் தானாக அதை ஹெச்டிடிபிஎஸ் ஆக்கிவிட்டால் சர்வர் நன்றாக இருந்தும் பக்கம் திறக்காது.

ஏதாவது ஒரு பதில் வந்தாலே போதும். புரியாத எழுத்துக் குவியல் வந்தாலும் அது பதில்தான். பதில் வந்துவிட்டால் கேபிளிலிருந்து வைஃபைக்குப் பாதை திறந்திருக்கிறது, தேடும் முறையில்தான் கோளாறு. பதிலே வராவிட்டால் பாதையே இல்லை: ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன, அல்லது ரவுட்டர் வைஃபைக் கருவிகளைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறது.

பிங் (கருவி பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை) அடித்துப் பார்ப்பதை இதற்கு மாற்றாக நம்ப வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டிருந்தால், எல்லாம் சரியாக இருந்தும் பிங்குக்குப் பதில் சொல்லாது. பிங் போனாலும் சர்வரின் போர்ட் திறந்திருக்கிறது என்று ஆகாது.

யார் யாரிடம் பேசுகிறார்கள்

போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புகிறோம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் பல சமயம் போன் எதையும் அனுப்புவதில்லை. வீட்டுக் கருவிகள் தமக்குள் படம், பாட்டைப் பகிரும் டிஎல்என்ஏ முறையில் மூன்று வேடங்கள் உண்டு: படத்தை வைத்திருக்கும் சர்வர், படத்தைக் காட்டும் கருவி, இரண்டையும் ஆட்டுவிக்கும் ரிமோட். போன் ரிமோட்டாக மட்டும் இருக்கும்போது, "இந்த முகவரியில் இந்தக் கோப்பு இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று டிவியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. டிவிதான் சர்வரிடம் நேராகப் போய் எடுக்கிறது. குரோம்காஸ்ட்டில் இன்டர்நெட் படங்கள் ஓடுவதும் இப்படித்தான். அதனால் போனில் சர்வர் தெரிகிறது என்பது போதாது, டிவியும் சர்வரும் தமக்குள் பேச முடிய வேண்டும்.

போனிலேயே இருக்கும் வீடியோவை டிவியில் ஓட்டும்போது வேடம் மாறுகிறது. அப்போது போன்தான் சர்வர். டிவி போனின் கதவைத் தட்டுகிறது. திரை அணைந்து சில நிமிஷத்தில் படம் நின்றுபோனால், பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் சரியாகிவிடும். ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

எத்தனை நிமிஷத்தில் மறைகிறது?

பெயர் தெரியாத தொல்லையில் எனக்குப் பிடித்த கருவி கைக்கடிகாரம். தொடக்கத்திலிருந்தே தெரியவில்லையா, தெரிந்துவிட்டு மறைகிறதா, மறைகிறதென்றால் எத்தனை நிமிஷத்தில் என்பதைப் பாருங்கள். அந்த எண் பெரும்பாலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது புரியக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். டிஎல்என்ஏ கருவிகள் ஒன்றையொன்று தேட எஸ்எஸ்டிபி என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. தேடுகிற கருவி 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, யுடிபி 1900 போர்ட்டில், "யாராவது இருக்கிறீர்களா" என்று கூவுகிறது. இருப்பவர்கள் கூவியவருக்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்புகிறார்கள். இது போக, ஒவ்வொரு சர்வரும் அவ்வப்போது அதே பொது முகவரியில் "நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்போடு ஒரு ஆயுள் காலமும் வரும், பொதுவாக 1800 வினாடி. அதற்குள் அடுத்த அறிவிப்பு வராவிட்டால் கேட்பவர் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். ஏர்பிளேயும் குரோம்காஸ்ட்டும் எம்டிஎன்எஸ் என்ற வேறு முறையில், 224.0.0.251 முகவரியில், 5353 போர்ட்டில் தேடுகின்றன. இந்தப் பொது முகவரிக் கூவலுக்குத்தான் மல்டிகாஸ்ட் என்று பெயர். கேபிளிலிருந்து வைஃபைக்கு மாறும் இடத்தில் முதலில் தொலைவது இதுதான்.

நான்கைந்து நிமிஷத்தில் மறைகிறதா? ஸ்விட்ச்சில் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) அல்லது ரவுட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஓடுகிறது, ஆனால் குவெரியர் இல்லை. ஸ்னூப்பிங் என்பது, மல்டிகாஸ்ட் கூவலை யார் கேட்க விரும்புகிறார்களோ அவர்கள் இணைந்திருக்கும் போர்ட்டுக்கு (இங்கே கேபிள் செருகும் துளை) மட்டும் அனுப்பும் ஏற்பாடு. யார் விரும்புகிறார்கள் என்று குவெரியர் 125 வினாடிக்கு ஒருமுறை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். விசாரிக்க ஆளில்லை என்றால், சர்வர் தொடக்கத்தில் ஒருமுறை கொடுத்த பெயர்ப்பதிவு வழக்கமாக 260 வினாடியில் காலாவதியாகிவிடும். பிறகு கூவல் சர்வரின் போர்ட்டுக்குப் போகாது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி பதிவாகி நாலு நிமிஷம் தெரியும், மறுபடி மறையும். இதில் முக்கியமான ஒரு அடையாளம்: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் படம் நிற்காது. படம் போவது தனி இணைப்பில், அதற்கு மல்டிகாஸ்ட் தேவையில்லை. இன்னொன்று, டிஎல்என்ஏ சர்வர் மறைந்தாலும் குரோம்காஸ்ட் தெரிந்துகொண்டே இருக்கும். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்னூப்பிங் வடிகட்டக் கூடாது என்பது விதி.

தீர்வு இரண்டு. வீட்டில் மல்டிகாஸ்ட்டில் வரும் ஐபிடிவி (இன்டர்நெட் கம்பெனி வழியே வரும் டிவி சேனல்கள்) இணைப்பு இல்லை என்றால் ஸ்னூப்பிங்கை அணைத்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. ஐபிடிவி இருந்தால் அணைக்காதீர்கள். அணைத்தால் டிவி சேனல் முழுவதும் எல்லாப் போர்ட்டுக்கும், வைஃபைக்கும் சேர்த்துக் கொட்டும். வைஃபை மல்டிகாஸ்ட்டை அடிமட்ட வேகத்தில்தான் அனுப்பும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 6 எம்பிபிஎஸ் என்பதே வழக்கம். ஒரே ஒரு சேனல் வீட்டின் மொத்த வைஃபையையும் முடக்கிவிடும். அந்த வீடுகளில் ஸ்னூப்பிங்கை வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு ஸ்விட்ச்சிலோ ரவுட்டரிலோ குவெரியரை இயக்குங்கள்.

அரை மணி நேரத்தில் மறைந்து, ஆப்பை மூடித் திறந்தால் உடனே வருகிறதா? 1800 வினாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் தனியாக வரும் பதில் வந்து சேர்கிறது. கேட்காமல் வரும் அறிவிப்பு மட்டும் கேபிள் பக்கத்திலிருந்து வைஃபை பக்கத்துக்குத் தாண்டவில்லை. ரவுட்டரின் வயர்லெஸ் பக்கத்தில் மல்டிகாஸ்ட் வடிகட்டி, மல்டிகாஸ்ட் மேம்பாடு என்ற மாதிரிப் பெயர்களில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து மறைந்து, போனின் வைஃபையை அணைத்துப் போட்டதும் திரும்ப வருகிறதா? வைஃபையில் தனிப் பேச்சுக்கு ஒரு ரகசியச் சாவி, பொதுக் கூவலுக்கு வேறொரு சாவி. பொதுச் சாவியை ரவுட்டர் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றும், பல ரவுட்டர்களில் அது 3600 வினாடி. மாற்றும் நேரத்தில் ஒரு கருவி புதுச் சாவியைச் சரியாக வாங்கத் தவறினால், இன்டர்நெட் ஓடும், பொதுக் கூவல் மட்டும் காதில் விழாது. ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதுதான் முறையான வழி. அதுவரை க்ரூப் கீ (அந்தப் பொதுச் சாவி) இடைவெளியைக் கூட்டி வைக்கலாம்.

இரண்டு ரவுட்டர் உள்ள வீடு

தொடக்கத்திலிருந்தே எதுவும் தெரியவில்லை என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி: வீட்டில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா? இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, வேகத்துக்காகப் பிறகு வாங்கியது ஒன்று. இரண்டாவதின் வேன் போர்ட்டில் (இன்டர்நெட் வரும் துளை) கேபிளைச் செருகியிருப்பார்கள். அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். டிவியின் ஐபி முகவரியையும் போனின் ஐபி முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். டிவி 192.168.1.23, போன் 192.168.0.104 என்றால், மூன்றாவது எண் வேறாக இருக்கிறது. சப்நெட் மாஸ்க் வழக்கமான 255.255.255.0 ஆக இருக்கும்போது இவை இரண்டும் வேறு வேறு தெரு.

இதில் குழப்பும் விஷயம், உள்ளேயிருந்து வெளியே போக முடியும், வெளியேயிருந்து உள்ளே வர முடியாது. இரண்டாவது ரவுட்டரில் இருக்கும் போனிலிருந்து முதல் ரவுட்டரில் இருக்கும் சர்வரின் முகவரியை அடித்தால் பக்கம் திறந்துவிடும். "நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். ஆனால் போனில் உள்ள வீடியோவை அந்தப் பக்கத்து டிவியில் ஓட்டச் சொன்னால், டிவியால் போனை எட்ட முடியாது.

இரண்டாவது ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் தரும் அமைப்பு) இருந்தால் அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். இரண்டாவது ரவுட்டரை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஒரு லேப்டாப்பை மட்டும் அதில் இணையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றும், அது மற்றவர்களுக்குக் கொடுக்கும் முகவரிகள் 100இலிருந்து தொடங்குகின்றன என்றும் வைத்துக்கொண்டால் இந்த 2 யாரோடும் மோதாது. சேமித்தபின் புது முகவரியில் உள்ளே நுழைந்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாகத்தான் கேபிள்: முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இரண்டாவதின் லேன் போர்ட்டுக்கு. வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். டிஹெச்சிபியை அணைப்பதற்கு முன் கேபிளைச் செருகினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி வழங்க ஆரம்பிப்பார்கள், பாதிக் கருவிகளுக்கு இன்டர்நெட்டே போய்விடும். எல்லாம் முடிந்ததும் டிவி, போன் எல்லாவற்றிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இல்லையென்றால் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பூட்டு எங்கே இருக்கிறது

ஒரே நெட்வொர்க்தான், ஆனாலும் பக்கம் திறக்கவில்லை என்றால் யாரோ பூட்டியிருக்கிறார்கள். அடிக்கடி கண்ணில் படாமல் போவது கெஸ்ட் வைஃபை. டிவியை முதன்முதலில் மாட்டியபோது யாரோ கெஸ்ட் பெயரில் சேர்த்திருப்பார்கள். கெஸ்ட் வைஃபையின் வேலையே வீட்டுக் கருவிகளிடமிருந்து விலக்கி வைப்பதுதான். சாதாரண வைஃபையிலும் ஏபி ஐசோலேஷன், கிளையன்ட் ஐசோலேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கும். சில ரவுட்டர்களில் அது வைஃபைக்கும் வைஃபைக்கும் நடுவே மட்டும் தடுக்கும், சிலவற்றில் கேபிளையும் சேர்த்துத் தடுக்கும். 2.4க்கும் 5க்கும் தனித்தனியாக இருக்கலாம் என்பதால் இரண்டு பக்கமும் பாருங்கள்.

ரவுட்டர் மாற்றிய மறுநாளிலிருந்து சர்வர் தெரியவில்லை என்றால் விண்டோஸைச் சந்தேகப்படுங்கள். ரவுட்டர் மாறியதும் அது புது இடம் என்று நினைத்துக்கொண்டு நெட்வொர்க்கைப் பப்ளிக் ஆக்கிவிடும். நெட்வொர்க் அமைப்பில் போய் அந்த இணைப்பைப் பிரைவேட் என்று மாற்றினால் போதும், ஃபயர்வாலை முழுதாக அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்கள். போனில் விபிஎன் ஓடினாலும் இதே கதி. ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்து ஒவ்வொரு ஆப்பும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று ஒருமுறை அழுத்தியிருந்தால், பிரைவசி அமைப்பில் போய்த்தான் திரும்பத் தர வேண்டும்.

சர்வர் கம்ப்யூட்டரிலேயே இரண்டு முகவரி இருப்பது இன்னொரு வம்பு. லேப்டாப்பில் கேபிளைச் செருகியபின்னும் வைஃபை இயங்கிக்கொண்டிருந்தால் டிவியில் ஒரே பெயர் இரண்டு முறை தெரியும், ஒன்று திறக்கும், மற்றது திறக்காது. கேபிள் போட்டால் வைஃபையை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்குள் தனி அறைபோல மென்பொருளை ஓட்டும் டாக்கர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை போட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத நெட்வொர்க் அட்டைகளும் இருக்கும். 172.17.0.1 என்றோ 192.168.56.1 என்றோ ஒரு முகவரியைச் சர்வர் டிவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், டிவி எப்படி வந்து சேரும்? சர்வரின் அமைப்பில் எந்த நெட்வொர்க் அட்டையைப் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். டாக்கருக்குள்ளேயே சர்வர் ஓடினால் ஹோஸ்ட் நெட்வொர்க் மோடில் ஓட்டுங்கள். சாதாரண பிரிட்ஜ் மோடில் எத்தனை போர்ட் திறந்துவிட்டாலும் மல்டிகாஸ்ட் கூவல் உள்ளே போகாது. கையோடு, சர்வருக்கு ரவுட்டரில் ஒரு முகவரியை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

வட்டம் சுற்றுகிறது என்றால்

இங்கே ஊகம் வேண்டாம், கணக்குப் போடலாம். கோப்பின் அளவை ஜிபியில் எடுத்து 8000ஆல் பெருக்கி, படம் ஓடும் வினாடிகளால் வகுத்தால் சராசரி எம்பிபிஎஸ் கிடைக்கும். 60 ஜிபி, இரண்டு மணி நேரப் படம்: 4,80,000ஐ 7200ஆல் வகுத்தால் ஏறக்குறைய 67 எம்பிபிஎஸ். இது சராசரிதான். மழை, தூசி, கூட்டம் நிறைந்த காட்சிகளில் 100ஐயும் தாண்டும். இன்டர்நெட்டில் வரும் 4கே படங்கள் பெரும்பாலும் 25 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் இன்டர்நெட் படம் தடையின்றி ஓடும் அதே டிவியில் சொந்தக் கோப்பு திக்குகிறது.

இந்த இடத்தில் பலர் நம்ப மறுக்கும் ஒரு உண்மை: டிவிக்குக் கேபிள் போட்டால் நிலைமை மோசமாகலாம். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ்தான். அதில் உண்மையாகக் கிடைப்பது 94க்குப் பக்கம். அருகில் நல்ல ரவுட்டர் இருக்கும்போது அதே டிவியின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதைவிடப் பல மடங்கு கொடுக்கும். 67 சராசரியுள்ள படம் இந்தக் கேபிளில் அமைதியான காட்சிகளில் ஓடி, சண்டைக்காட்சியில் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் இதுதான். வைஃபைக் கோளாறு என்றால் இடம் மாறிமாறி நிற்கும்.

சர்வருக்கு மட்டும் கேபிள் போடுங்கள் என்பேன் எப்போதும். வைஃபை ஒரே அறையில் பலர் பேசுவது போன்றது, ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். சர்வரும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒரே காட்சி காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒருமுறை. ஒரு முனையைக் கேபிளுக்கு மாற்றினால் காற்றின் சுமை பாதியாகிவிடும். வயரில்லாமல் ஒன்றையொன்று தொடரும் மெஷ் பெட்டிகளிலும் இதே கணக்குதான். பெட்டிகளுக்கு நடுவே ஒரு கேபிள் ஓடவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

கேபிள் போட்டாயிற்று, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் 1000க்குப் பதில் 100 என்று இருந்தால் கேபிளில் குறை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டு கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பிளக்கின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுச் செப்புத் தகடுகளும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று சற்று மேலே நின்றாலோ, உள்ளே கம்பியின் நுனி பிளக்கின் கடைசி வரை வரவில்லை என்றாலோ, இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இன்டர்நெட் வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பிளக்கின் கிளிப் உடைந்த கேபிளை ஒட்டுப்போட்டு வைக்காதீர்கள். பிளக்கை வெட்டி, புதிதாகக் கிரிம்ப் செய்துவிடுங்கள். வீட்டுக்குள் கேட்5இ தாராளமாகப் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும்.

உண்மையான வேகத்தை அளக்க ஐபெர்ஃப்3 என்ற மென்பொருள் போல வேறொன்றில்லை. இன்டர்நெட் ஸ்பீடு டெஸ்ட் இதற்கு உதவாது, அது வீட்டுக்கு வெளியே உள்ள பாதையை அளக்கிறது. கம்ப்யூட்டரில் ஐபெர்ஃப்3ஐச் சர்வராக ஓடவிட்டு, போனில் அதே வேலைக்கான ஆப்பைப் போட்டு, போனை டிவியின் பின்புறம், டிவியின் உடம்போடு ஒட்டிப் பிடித்து 60 வினாடி அளங்கள். பத்து வினாடி போதாது, தொல்லை கொடுக்கும் வைஃபை முதல் பத்து வினாடி நன்றாக நடந்துகொள்ளும். ரிவர்ஸ் என்ற தேர்வைப் போடுங்கள், அப்போதுதான் படம் வரும் திசையிலேயே அளக்கும். சராசரியைவிட, நடுவில் எத்தனை வினாடி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் விழுந்தது என்று பாருங்கள். 200 சராசரி, இடையிடையே இரண்டு வினாடிப் பள்ளம் என்பதைவிட, ஏற்ற இறக்கமில்லாத 90 மேல்.

பள்ளங்கள் இருந்தால் காரணத்தை டிவியின் முதுகுப்பக்கம் தேடுங்கள். ஹெச்டிஎம்ஐயில் செருகும் ஸ்டிக் டிவியின் உலோகத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மூச்சு முட்டும். அதோடு வரும் குட்டி நீட்டிப்புக் கேபிளைத் தூக்கி எறியாமல் போடுங்கள், ஒரு சாண் வெளியே வந்தாலே சிக்னல் தேறும். ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்காமல் அதன் அடாப்டரையே பயன்படுத்துங்கள். யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. கனமான காட்சியில் ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆவதற்கு இது ஒரு காரணம். ரவுட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால், அது வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸின் மேலேயே விழும். டிஸ்க்கைத் தள்ளி வைத்து, நல்ல உறையுள்ள கேபிளைப் போடுங்கள், அல்லது டிவியை 5க்கு மாற்றுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் பெரும்பாலான நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியவை. ரேடார் சிக்னல் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். விலகிப் போகும் இடமும் அப்படிப்பட்ட சேனலாக இருந்தால் குறைந்தது ஒரு நிமிஷம் காது கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு முறை எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டால் 36 முதல் 48க்குள் ஒரு சேனலை நிலையாக வையுங்கள். 2.4இல் இருந்தே ஆக வேண்டும் என்றால் 1, 6, 11இல் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

நெட்வொர்க்கின் மேல் குற்றமே இல்லாதபோது

அதே கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு டிவியில் நேராகச் செருகி ஓட்டுங்கள். எஃப்ஏடி32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் திக்கினால் டிவியால் அந்த ஃபார்மட்டைச் சமாளிக்க முடியவில்லை. பென்டிரைவில் ஓடி, சர்வரிலிருந்து மட்டும் திக்கினால் சர்வரின் டாஷ்போர்டைத் திறந்து டைரக்ட் ப்ளே என்று இருக்கிறதா, டிரான்ஸ்கோட் என்று இருக்கிறதா பாருங்கள். டிரான்ஸ்கோட் என்றால் சர்வர் படத்தை ஓடஓட மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது, பழைய புராசஸருக்கு 4கே அப்படி மாற்றுவது மலை.

இதற்குக் காரணம் பெரும்பாலும் வீடியோவே அல்ல. டிடிஎஸ் ஒலியைப் பல டிவிகள் எடுத்துக்கொள்வதில்லை. ஒலியை மட்டும் மாற்றுவது எளிய வேலை, அதனால் திக்காது. சப்டைட்டில்தான் ஆளைக் கவிழ்க்கும். ப்ளூரேயிலிருந்து எடுத்த கோப்பில் இருக்கும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். அதைக் காட்டத் தெரியாத டிவிக்காக, சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதைப் பதித்து மொத்த வீடியோவையும் புதிதாக எழுதுகிறது. சப்டைட்டிலை அணைத்ததும் படம் சீராக ஓடினால் சந்தேகமே வேண்டாம். அதே சப்டைட்டிலை எஸ்ஆர்டி கோப்பாக எடுத்து, படத்தின் பெயரையே வைத்து, பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

தமிழ் எஸ்ஆர்டி டிவியில் கேள்விக்குறியாகத் தெரிந்தால், நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமியுங்கள். நோட்பேடிலேயே கேள்விக்குறிதான் தெரிகிறது என்றால் எழுத்து ஏற்கெனவே அழிந்துவிட்டது, மூலக் கோப்பைத் தேட வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. அப்போது கோடி, விஎல்சி போன்ற பிளேயரை அதே டிவியில் போட்டு, அதற்குத் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் படிக்கலாம்.